பிடி விடும் செல்கள்

புற்றுநோய் அறுவைச் சிகிச்சை முடிந்து வெளியே வரும் மருத்துவரிடம் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பரவிடுச்சா டாக்டர்?" கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்று யாரும் முதலில் கேட்பதில்லை. பட்டறிவிலிருந்து வரும் கேள்வி அது, சரியான கேள்வியும்கூட. புற்றுநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோரின் உயிரை வாங்குவது முதலில் தோன்றிய கட்டி அன்று. அங்கிருந்து கிளம்பிப் போய்க் கல்லீரலிலோ நுரையீரலிலோ எலும்பிலோ குடியேறிய செல்கள்தாம். பிறந்த இடத்திலேயே காலமெல்லாம் தங்கியிருக்க வேண்டிய ஒரு செல் எப்படிக் கிளம்புகிறது? எது அதுவரை அதைப் பிடித்து வைத்திருந்தது? அந்தப் பிடியில் என்ன பழுது வந்தது?

சென்னையின் மேற்குப் புறநகரில், அயனம்பாக்கம் வழியாகப் போகும் வானகரம் - அம்பத்தூர் சாலையில் அப்போலோ மருத்துவமனை இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வந்தால் வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி, இன்னும் சற்றுத் தள்ளிப் போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனை. அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி என்று இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் பீரோக்களில் பிளாஸ்டிக் கோப்பு ஒன்று இருக்கும். ஸ்கேன் படம், மருந்துச் சீட்டு, பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாம் அதில் அடுக்கியிருக்கும். மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டுகளில் சிலவற்றில் "இ-கேட்ஹெரின்" என்று ஒரு வரி வரும். பக்கத்தில் பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ். ஹார்மோன் ஏற்பிகளைப் பற்றிய வரிகளை மருத்துவர் விளக்கிச் சொல்லியிருப்பார். இந்த வரியைப் பற்றிப் பேச அவருக்கு நேரம் இருந்திருக்காது. மொத்த ரிப்போர்ட்டிலும் என்னை மிகவும் ஈர்ப்பது அந்த வரிதான்.

அது எப்படி எழுதப்படுகிறது என்று பார்ப்போம். கட்டியிலிருந்து எடுத்த சிறு சதைத்துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஏறக்குறைய நான்கு மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. அந்தச் சீவலைக் கண்ணாடி ஸ்லைடில் ஏற்றி, இ-கேட்ஹெரின் என்ற புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் எதிர்ப்பொருளை அதன்மேல் விடுகிறார்கள். எதிர்ப்பொருள் ஒட்டிய இடமெல்லாம் பழுப்பு நிறம் ஏறும்படி இன்னொரு வேதிப்பொருள். பிறகு உட்கருக்கள் தெரிவதற்காக இளநீலச் சாயம். நுண்நோக்கியில் வைத்தால், மார்பகப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் பால்குழாய் வகையில், ஒவ்வொரு செல்லையும் சுற்றிப் பழுப்புக் கோடு ஓடுவது தெரியும். செல்கள் புற்றுநோய்ச் செல்கள்தாம், கண்டபடி பெருகியவைதாம். ஆனாலும் பக்கத்துச் செல்லை இறுகப் பற்றிக்கொண்டு கும்பலாக நிற்கின்றன.

மார்பகப் புற்றுநோய்களில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வேறு வகை. நுண்மடல் வகை என்று சொல்லலாம், மருத்துவர்கள் லோபுலர் என்பார்கள். அதே சாயத்தை அந்த ஸ்லைடில் ஏற்றினால் பழுப்பைக் காணோம். நீல உட்கருக்கள் மட்டும், நார்த்திசுவின் இடுக்குகளில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். எந்தச் செல்லும் எந்தச் செல்லையும் பற்றியிருக்கவில்லை. நோயாளியின் உடலில் இதன் விளைவு நேரடியானது. கும்பலாகச் சேராததால் பல நேரம் கையில் தட்டுப்படும் உருண்டையாக அது வளர்வதில்லை. மார்பு சற்றுத் தடித்தது போலிருக்கும், அவ்வளவே. மேமோகிராம் படத்திலும் தப்பிவிடுவதுண்டு. பரவும்போதும் மற்ற மார்பகப் புற்றுநோய்கள் அதிகம் போகாத இடங்களுக்கு, வயிற்றறையின் உள்சவ்வுக்கும் இரைப்பைக்கும் சூலகத்துக்கும் போகிறது. ஒரே உறுப்பில் தோன்றிய இரண்டு நோய்களுக்கு நடுவே இத்தனை வேறுபாடு. அதன் வேர் பெரும்பாலும் ஒரே ஒரு புரதத்தில் இருக்கிறது.

அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்த கதையில் ஒரு பாட்டிலுக்குப் பங்கு உண்டு. ஜப்பானின் கியோட்டோவில் பணியாற்றிய மசாத்தோஷி தகேய்ச்சி, 1970களில் அமெரிக்காவின் பால்டிமோரிலுள்ள கார்னகி ஆய்வகத்துக்குப் போயிருந்தார். செல்களை ட்ரிப்சின் என்ற செரிமான நொதியால் தனித்தனியாகப் பிரித்து, அவை மறுபடி ஒட்டிக்கொள்வதைப் பார்ப்பது அவர் வேலை. கியோட்டோவில் சட்டென்று ஒட்டிய செல்கள் பால்டிமோரில் ஒட்ட மறுத்தன. அதே செல், அதே முறை. காரணத்தைத் தேடிப் போனபோது, பால்டிமோர் ஆய்வகத்தின் ட்ரிப்சின் கரைசலில் இடிடிஏ சேர்க்கப்பட்டிருந்தது தெரிந்தது. கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருள் அது. கால்சியம் இருக்கும்வரை ட்ரிப்சினால் வெட்ட முடியாத ஏதோ ஒன்று செல்லின் மேற்பரப்பில் இருக்கிறது, ஒட்டுவது அதனால்தான் என்று அவர் முடிவுக்கு வந்தார். 1977இல் அந்த முடிவு வெளியானது. கால்சியத்தை நம்பி ஒட்டும் அந்தப் புரதங்களுக்குப் பிற்பாடு அவர் வைத்த பெயர்தான் கேட்ஹெரின். தோல், இரைப்பை, பால்குழாய் போன்ற மேற்படலங்களில் இருப்பது இ-கேட்ஹெரின். வேறொரு ஆய்வாளராயிருந்தால் சோதனை சொதப்பிவிட்டது என்று கரைசலைக் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

இ-கேட்ஹெரினைக் கட்டுவதற்கான கட்டளை நம் 16ஆவது குரோமோசோமில் சிடிஎச்1 என்ற மரபணுவில் இருக்கிறது. செல்லின் சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்கும் புரதம் இது. வெளியே நீட்டிய பகுதியில் ஐந்து கண்ணிகள், ஒவ்வொரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று கால்சியம் அயனிகள். கால்சியம் இருந்தால்தான் அந்த ஐந்தும் விறைப்பாக நிற்கும், இல்லையென்றால் துவண்டுவிடும். நுனிக் கண்ணியின் தொடக்கத்தில், இரண்டாவது இடத்தில் டிரிப்டோபன் என்ற பருத்த அமினோ அமிலம். எதிர்ச் செல்லிலிருந்து நீண்டு வரும் இ-கேட்ஹெரினின் நுனியில் ஒரு குழி உண்டு. இதன் டிரிப்டோபன் அந்தக் குழிக்குள் போய் அமர, அதன் டிரிப்டோபன் இதன் குழிக்குள் வந்து அமர்கிறது. ஒரு பிணைப்பு தனியாக வலுவற்றது. ஆயிரக்கணக்கில் பக்கம்பக்கமாகச் சேரும்போதுதான் தோல் தோலாகவும் குடல் குடலாகவும் நிற்கிறது. செல்லின் உள்ளே இருக்கும் வால்பகுதி பீட்டா-கேட்டெனின், ஆல்ஃபா-கேட்டெனின் என்ற துணைப் புரதங்கள் வழியாக ஆக்டின் இழைகளோடு இணைகிறது. ஆக்டின்தான் செல்லின் தசையும் எலும்பும். ஆகவே இ-கேட்ஹெரின் வெறும் பசை அன்று. பக்கத்துச் செல் எவ்வளவு இழுக்கிறது என்ற செய்தியையும் உள்ளே கொண்டுபோகிறது.

இப்போது பிழைக்கு வருவோம். மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதால் புரதம் பாதியிலேயே அறுந்துபோகலாம். அப்படிப்பட்ட புரதம் சவ்வை எட்டவே எட்டாது. நுண்மடல் வகை மார்பகப் புற்றுநோயில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் சிடிஎச்1 மரபணு இவ்வாறு சடுதிமாற்றம் அடைந்திருக்கிறது. வேறு சில பிழைகள் நுட்பமானவை. 1990களில் மியூனிக் ஆய்வாளர்கள் பரவல் வகை இரைப்பைப் புற்றுநோயில் கண்ட பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். அதில் புரதம் உருவாகிறது, சவ்வுக்கும் வந்து சேர்கிறது. நடுவிலுள்ள ஒரு சிறு பகுதி மட்டும் விடுபட்டிருக்கிறது, கால்சியம் அமர வேண்டிய இடத்தை ஒட்டிய பகுதி. அந்தப் புரதத்தை ஆய்வகச் செல்களில் புகுத்தியபோது அவை ஒன்றோடொன்று ஒட்டுவது குறைந்தது. அதோடு நிற்காமல், அவை நகர்வதும் கூடியது. ஒட்டும் புரதத்தில் வந்த பிழை செல்லுக்கு ஓட்டத்தையும் கொடுத்துவிட்டது. பற்றுதலும் நகர்தலும் ஒரே ஆக்டினை நம்பியிருக்கும் வேலைகள். ஒன்றில் கைவைத்தால் மற்றது அசையாமல் இருக்காது.

பரவல் வகை இரைப்பைப் புற்றுநோய் என்றேனே, அதைப் பற்றிச் சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1981 முதல் நடத்திவரும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில், ஆண்களிடையே இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலம் முன்வரிசையில் இருந்தது. நாட்டின் மற்ற பெருநகரப் பதிவேடுகள் பலவற்றை விட இங்கே அதிகம். இதில் பெரும்பகுதி பரம்பரையால் வருவதன்று. ஹெலிகோபேக்டர் பைலோரி பாக்டீரியா, புகையிலை, உப்பு மிகுந்த உணவு என்று காரணங்கள் உண்டு. ஆனால் குடும்பத்தில் வழிவழியாக வரும் ஒரு வகையும் இருக்கிறது. அது பிடிபட்டது நியூசிலாந்தில். ஒரே மாவோரிப் பெருங்குடும்பத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இரைப்பைப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள், பலர் இளம் வயதில். சாபம் என்றுகூட அக்கம்பக்கம் பேசியதுண்டு. குடும்பத்தார் தாமாகவே மருத்துவ ஆய்வாளர்களை அணுகினார்கள். ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பாரி கில்ஃபர்ட் குழு அவர்களோடு சேர்ந்து தேடி, 1998இல் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டது: சிடிஎச்1 மரபணுவில் பிழை.

இந்த நோயில் செல்கள் கட்டியாகத் திரளாமல் இரைப்பைச் சுவருக்குள் ஒவ்வொன்றாக ஊடுருவுகின்றன. உள்ளே சளி நிரம்பி, உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும் அவற்றை முத்திரை மோதிரச் செல்கள் என்கிறார்கள். எண்டோஸ்கோப்பி பார்த்தால் மேற்பரப்பு வழவழவென்று நன்றாகவே இருக்கலாம். அதனால்தான் இந்தப் பிழையைச் சுமப்பவர்களுக்கு, நோய் தெரியவரும் முன்பே இரைப்பை முழுவதையும் அகற்றிவிடும் அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள். உடல்நலத்தோடு இருக்கும் ஒருவர், ஒரு மரபணுச் சோதனை முடிவை நம்பித் தம் இரைப்பையைக் கொடுத்துவிட்டு, அதன்பின் கொஞ்சம்கொஞ்சமாகச் சாப்பிட்டு வாழ்வது எளிய முடிவன்று. நியூசிலாந்துக் குடும்பத்தில் பலர் அந்த முடிவை எடுத்தார்கள், உயிரோடு இருக்கிறார்கள். அடிப்படை அறிவியலால் என்ன பயன் என்று கேட்பவர்களிடம் நான் இவர்களைத்தான் காட்டுவேன். தகேய்ச்சியின் கரைசலிலிருந்து இவர்களின் உயிர்வரை நேர்க்கோடு போட முடியும்.

பிடியை விட்ட செல் நகர வேண்டுமே, எப்படி நகர்கிறது? கண்ணாடித் தட்டில் வளரும் செல்லின் காணொளியைப் பாருங்கள். முன்பக்கம் மெல்லிய விளிம்பு ஒன்று நீள்கிறது. அதன் உள்ளே ஆக்டின் இழைகள் நுனியில் வளர்ந்து சவ்வை முன்னே தள்ளுகின்றன. நீண்ட விளிம்பு தரையைத் தொட்ட இடத்தில் இன்டெக்ரின் என்ற புரதங்கள் தரையைப் பற்றுகின்றன. பிறகு செல்லின் உடல் சுருங்கி முன்னே இழுக்கப்படுகிறது. பின்பக்கப் பிடி கடைசியில் விடுபடுகிறது. மறுபடியும் விளிம்பு நீள்கிறது. இந்த வரிசையை நடத்தும் மூன்று சிறு புரதங்கள் ராக், சிடிசி42, ரோ. ஜிடிபி என்ற மூலக்கூறைப் பிடித்திருக்கும்வரை அவை இயங்கும், அது உடைந்ததும் ஓய்ந்துவிடும். லண்டனில் ஆலன் ஹால் குழு 1992இல் ரோவும் ராக்கும் ஆக்டினை எப்படி ஆட்டுவிக்கின்றன என்று காட்டியது. முன்விளிம்பு நீள ராக், உடல் சுருங்க ரோ.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2014இல், ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் இரு குழுக்கள் தனித்தனியே பரவல் வகை இரைப்பைப் புற்றுநோயின் மரபணுக்களை வாசித்தன. இரண்டுக்கும் கிடைத்தது ஒரே பெயர்: ஆர்எச்ஓஏ, அதாவது ரோ-ஏ புரதம். அதில் 42ஆவது இடத்தில் இருக்க வேண்டிய டைரோசினுக்குப் பதில் சிஸ்டீன் வந்திருப்பது திரும்பத் திரும்பத் தென்பட்டது. ரோ-ஏ மொத்தம் 193 அமினோ அமிலங்கள்தாம். அவற்றில் ஒன்று மாறியிருக்கிறது. மாறிய இடமோ, ரோ தன் கீழுள்ள புரதங்களுக்குக் கட்டளை கொடுக்கத் தொடும் இடம். எலிகளில் இந்தப் பிழையை இ-கேட்ஹெரின் இழப்போடு சேர்த்து வைத்துப் பார்த்தபோது பரவல் வகை இரைப்பைப் புற்றுநோய் தோன்றியது. செல்கள் தரையைப் பற்றும் இடங்களில் வேலை செய்யும் எஃப்ஏகே என்ற நொதி அதிகமாகத் தூண்டப்பட்டிருந்தது. பக்கத்துச் செல்லின் பிடியை இழப்பது ஒரு பிழை, தரைப்பிடியை மாற்றி அமைத்துக்கொள்வது இன்னொரு பிழை. இரண்டும் சேரும்போது செல் நாடோடியாகிறது.

அதே நோயில் கிளாடின்-18 என்ற இன்னொரு ஒட்டுப்புரதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரைப்பைச் செல்களின் இடுக்குகளில், அமிலம் கசியாதபடி அடைத்து நிற்பது இது. நலமான இரைப்பையில் அந்த இடுக்குக்குள் மருந்து நுழைய முடியாது. செல்களின் ஒழுங்கு குலைந்ததும் கிளாடின் வெளியே தெரிகிறது, அதைக் குறிவைத்து எதிர்ப்பொருளை அனுப்ப முடிகிறது. ஜோல்பெட்டுக்சிமாப் என்ற அந்த மருந்துக்கு 2024 மார்ச்சில் ஜப்பான் உலகிலேயே முதலாவதாக ஒப்புதல் அளித்தது. குணமாக்கும் மருந்தன்று, வாழ்நாளைச் சில மாதங்கள் நீட்டுகிறது. ஆனாலும் ஒட்டு குலைந்ததையே பற்றுகோலாகக் கொண்டு ஒரு சிகிச்சை எழுந்திருக்கிறது என்பது பெரிய விஷயம்.

பிடியை விட்ட செல்லுக்கு எதிரே நிற்பது கொலாஜன் நார்க்காடு. நம் உடலில் எல்லாவற்றையும் விட அதிகமாக இருக்கும் புரதம் அதுதான். அதன் வடிவத்தை உலகுக்குச் சொன்னது சென்னை. 1952இல் ஜே. டி. பெர்னல் என்ற அயர்லாந்தில் பிறந்த விஞ்ஞானி சென்னைக்கு வந்தபோது, கொலாஜனுக்கு அதுவரை முன்வைத்த எந்த வடிவமும் திருப்தியாக இல்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையைப் பொறுப்பேற்றிருந்த இளைஞர் ஜி. என். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதன் எக்ஸ்-கதிர்ப் படங்களை வைத்து அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார்கள். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடம்தோறும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின். வேறெதுவும் அந்த உள்ளிடத்தில் அடங்காது.

ராமச்சந்திரன் உழைத்த வளாகம், அவருக்குத் தசைநாண் கொடுத்த தோல் ஆராய்ச்சி நிறுவனம், முத்துலட்சுமி ரெட்டி முயன்று 1954இல் தொடங்கிய புற்றுநோய் நிறுவனம், ஐஐடி மெட்ராஸ், நான்கும் இன்று சர்தார் படேல் சாலையை ஒட்டியே இருக்கின்றன. அம்பத்தூரிலிருந்து அடையாறுக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் அந்தச் சாலையைத் தாண்டித்தான் போகிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு.

முறுக்கிய கயிறு வலுவானது, சாதாரணச் செரிமான நொதிகளுக்கு மசியாது. அதை வெட்டும் நொதியை 1962இல் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லப்பியரும் தலைப்பிரட்டையின் வாலில் கண்டார்கள். தவளையாகும்போது வால் கரைந்தாக வேண்டுமல்லவா, அதற்கான நொதி. புற்றுநோய்ச் செல்களும் இந்தக் குடும்பத்து நொதிகளைச் சுரந்துகொண்டு நார்க்காட்டில் வழி வெட்டுகின்றன என்று தெரிந்தபோது, நொதியைத் தடுத்தால் பரவல் நின்றுவிடும் என்று மருந்து நிறுவனங்கள் நம்பின. 1990களில் பெரும் பொருட்செலவில் நடந்த சோதனைகள் தோற்றன. தோல்விக்குப் பல காரணங்கள். அவற்றில் ஒன்று, வெட்ட முடியாவிட்டால் செல்கள் உடலை நெளித்து, அமீபா போல இடுக்குகளில் புகுந்து போய்விடுகின்றன என்பது. ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழி. புற்றுநோய் ஆய்வில் தன்னம்பிக்கை மிகுந்த அறிவிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த 1990களை நினைத்துக்கொள்வது நல்லது.

கொலாஜனைச் சொன்னால் வாய்ப்புற்றுநோயைச் சொல்லாமல் போக முடியாது. இந்திய ஆண்களிடையே மிக அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று அது. தொழிற்பேட்டைப் பகுதிகளில் ஷிஃப்டு முடிந்து வருவோரிடமும் லாரி ஓட்டுநர்களிடமும் மாவா, ஹான்ஸ், கூல் லிப் போன்ற புகையிலைப் பொருள்களின் புழக்கம் எப்படி என்று இந்தப் பக்கத்தில் வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை இருக்கிறது. பொட்டலங்கள் தெருவில் கிடக்கத்தான் செய்கின்றன. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் உறுதியாகச் சொல்லிவிட்டது. பாக்கிலுள்ள அல்கலாய்டுகள் கன்னத்துச் செல்களைக் கொலாஜன் சுரக்கத் தூண்டுகின்றன. பாக்கிலுள்ள தாமிரம், கொலாஜன் இழைகளைக் குறுக்கே பின்னும் நொதிக்கு வலுச் சேர்க்கிறது. கன்னத்தின் உட்புறம் விறைத்து, வெளுத்து, வாய் திறப்பது குறைந்துகொண்டே வருகிறது. அந்த விறைத்த நார்ப்படுகையின் மேல் பலருக்குப் புற்று தோன்றுகிறது.

பொட்டலத்தை அடக்கிவைக்கும் அதே ஈறு - கன்ன மடிப்பில் தோன்றும் புற்றுநோயின் மரபணுக்களை இந்திய ஆய்வாளர்களே வாசித்தார்கள். கல்யாணியிலுள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனமும் மும்பை டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக் ஆய்வகமும் சேர்ந்து, முதலில் 50 நோயாளிகள், பிறகு சரிபார்க்க இன்னும் 60 பேர் என்று செய்த ஆய்வு 2013இல் வெளியானது. அடிக்கடி பிழைபட்ட மரபணுக்களில் ஒன்று ஃபேட்1. இ-கேட்ஹெரினின் தூரத்து உறவு, ஆனால் பூதாகரமானது. இ-கேட்ஹெரினில் ஐந்து கண்ணிகள் என்றால் இதில் 34. மொத்தம் 4,588 அமினோ அமிலங்கள். பழ ஈக்களில் இதன் உறவுக்கார மரபணு கெட்டால் புழுப்பருவத் திசுக்கள் கட்டுக்கடங்காமல் வளர்கின்றன என்று 1991லேயே தெரியும். மனிதப் புற்றுநோயில் அது என்ன செய்கிறது என்பதற்குத் தெளிவான விடை 2021இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்தது. செத்ரிக் பிளான்பென் குழு எலிகளின் தோலிலும் நுரையீரலிலும் தோன்றும் கட்டிகளில் ஃபேட்1 மரபணுவை நீக்கிப் பார்த்தது. செல்கள் மேற்படலக் குணத்தையும் முழுதாக விடவில்லை, நகரும் குணத்தையும் பெற்றுக்கொண்டன. இரண்டும் கலந்த அந்த நிலையில் அவை முன்னிலும் அதிகமாகப் பரவின.

இந்தக் கலப்பு நிலைதான் பிடியைப் பற்றி அதுவரை இருந்த பாடத்தைத் திருத்த வைக்கிறது. பிடி விட்டால் பரவும், பிடி இருந்தால் பரவாது என்பது போலத்தான் மேலே பாதி அத்தியாயம் ஓடியிருக்கிறது. உண்மை அவ்வளவு நேரானதன்று. 2019இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வீணா பத்மநாபனும் ஆண்ட்ரூ ஈவால்டும், பால்குழாய் வகை மார்பகப் புற்றுநோய் மாதிரிகளில் இ-கேட்ஹெரினை நீக்கிப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடியே செல்கள் அக்கம்பக்கத் திசுவுக்குள் அதிகம் ஊடுருவின. ஆனால் தொலைவிடங்களில் குடியேறுவது குறைந்துவிட்டது. துணையிழந்த செல்கள் வழியிலேயே மடிந்தன. திருவிழாக் கூட்டத்தில் ஒரு குடும்பம் கைகோத்தபடியே இடித்துக்கொண்டு முன்னேறுவது போல, பல புற்றுநோய்ச் செல்கள் ஒன்றையொன்று பற்றியபடிதான் பயணம் போகின்றன. வாய்ப்புற்றுநோயின் விளிம்பிலும் நோயியல் வல்லுநர்கள் இதைப் பார்க்கிறார்கள். கட்டியின் முகப்பிலிருந்து ஐந்து செல்லுக்கும் குறைவான சிறு கொத்துகள் பிரிந்து நிற்கும். அப்படிப்பட்ட மொட்டுகள் அதிகமிருந்தால் கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவும் வாய்ப்பும் அதிகம்.

ஆகவே ஒரே புரதம் ஒரு புற்றுநோயில் அரணாகவும் இன்னொன்றில் வழித்துணையாகவும் இருக்கிறது. நுண்மடல் வகையில் அதை இழந்த செல்கள் தனியாளாக வாழப் பழகியவை, பால்குழாய் வகையில் அந்தப் பழக்கம் இல்லை. யாருடைய கட்டியில் எந்தப் பிடி எப்படிக் கெட்டிருக்கிறது என்று தெரியாமல் பொதுவாக மருந்து கொடுத்தால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. மேலைநாட்டவரின் கட்டிகளைப் படித்து எழுதிய அட்டவணையை வைத்து நம்மவர்களின் கட்டியை எடைபோடுவதும் போதாது. அந்த வகையில் 2025 பிப்ரவரியில் ஐஐடி மெட்ராஸ் வெளியிட்ட பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு வரவேற்க வேண்டிய முயற்சி. இந்திய மார்பகப் புற்றுநோயாளிகள் 480 பேரிடமிருந்து எடுத்த 960 மாதிரிகளில் புரதங்களுக்கான மரபணுப் பகுதிகளை வாசித்து, ஆய்வாளர்கள் எவரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். இரைப்பைக்கும் வாய்க்கும் இதே போல வர வேண்டும், விரைவில் வர வேண்டும்.

செல்லின் நகர்வை நிறுத்தும் மருந்து இன்னும் நம் கையில் இல்லை. நகரத் தொடங்கும் முன் கட்டியைப் பிடிப்பது மட்டும் இன்றைக்கே முடியும், அதிலும் வாயில் மிக எளிது. விளக்கும் கண்ணாடியும் போதும். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நுழைக்க முடியாதபடி வாய் சுருங்குவது, இவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவரிடம் உடனே போங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள், தொடக்கத்தில் வலிக்காது. குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு இளம் வயதில் இரைப்பைப் புற்றுநோயோ நுண்மடல் வகை மார்பகப் புற்றுநோயோ வந்திருந்தால், சிடிஎச்1 சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாக்குப் பொட்டலத்தை விட முடியாமல் தவிக்கும் அண்ணனோ மகனோ வீட்டில் இருந்தால் திட்டாமல் கூட்டிப் போங்கள். அயனம்பாக்கம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேலப்பன்சாவடிப் பல் மருத்துவக் கல்லூரி அருகில்தான். அரசு மருத்துவமனைக்கே போக விரும்பினால், தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது.